சாமிக்கு மட்டும் சொன்னது

சிவரூபனை நான் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேனாம். பிள்ளை சுவிசில் குளிரில் கிடந்து உழைக்கிறது, இரக்கம் காட்டுங்கள் என்று வாசகர் சிலர் சொல்லியனுப்பியிருந்தீர்கள். காட்டலாம். முதலில் போன கிழமை அவன் கேட்ட கேள்வியை இன்னொரு தரம் கேளுங்கள்.

விஜயதசமியன்று பின்னேரம் தயாளினிக்குத் தொலைபேசி எடுத்தான். வருகிற வெள்ளிக்கிழமை எழுத்து. பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டால் சட்டப்படி அவள் அவன் மனைவி, அடுத்த வருடம் சுவிஸ். சேலையின் நிறம், புதன்கிழமை அவன் விமானம் வரும் நேரம் எல்லாம் கதைத்து முடித்த பிறகு, கடைச் சாமான் விசாரிக்கிற மாதிரிக் கேட்டான்.

"உங்கடை அம்மாவின்ரை நெஞ்சிலை இருக்கிற கட்டி, பரம்பரையா வாற வருத்தமோ எண்டு ஒருக்கா டொக்டரிட்டைக் கேட்டீரோ? பிறகு எங்களுக்குப் பிள்ளையள் பிறக்கேக்கை கஷ்டம்."

தயாளினிக்கு அப்படியொரு கட்டி இருப்பதே தெரியாது. கரண்ட் போய்விட்டது என்று பொய் சொல்லித் தொலைபேசியை வைத்தாள். இரவெல்லாம் அவள் கண் மூடவில்லை. இரக்கம் காட்டச் சொன்னவர்கள் இனி உங்கள் பாடு.

விடிந்ததும் குசினிக்குள் போனாள். அப்பா ஏரம்பு வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு, அப்படியே சண்டிலிப்பாய்ப் பக்கம் உறவுக்காரருக்கு எழுத்துக்குச் சொல்லப் போயிருந்தார். அண்ணன் கோகுலன் இன்னும் எழும்பவில்லை. அம்மா குணலட்சுமி திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்களுக்கு நெஞ்சிலை கட்டி இருக்கோ?"

திருவலைச் சத்தம் நின்றது.

"ஆர் சொன்னது?"

"முதல் இருக்கோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ."

"இருக்கு." குணலட்சுமி தேங்காயைக் கீழே வைத்தாள். "ஆடி மாதம் துடக்கம் இருக்கு. நோகேல்லை. உன்ரை எழுத்து முடியட்டும், பிறகு காட்டுவம் எண்டு இருந்தனான். இந்த நேரம் ஆஸ்பத்திரி எண்டு வெளிக்கிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?"

தயாளினிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் முந்திக்கொண்டது.

"அவை நினைக்கிறது கிடக்கட்டும். நீங்கள் என்ன நினைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்? ஆடி துடக்கமாம். ஒரு கட்டியை வைச்சுக்கொண்டு எனக்குச் சேலை பார்த்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள்."

"கத்தாதை. உனக்கு ஆர் சொன்னது?"

"சிவரூபன்."

குணலட்சுமியின் முகம் மாறிவிட்டது. "அவருக்கு ஆர் சொன்னது?"

"அதைத்தான் நான் கேக்கிறன். நீங்கள் ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. உன்ரை கொப்பருக்கே தெரியாது. சாமிக்கு மட்டும் சொன்னனான்."

"எங்கை வைச்சு?"

"எங்கடை சாமி அறையிலைதான். கதவைச் சாத்திப்போட்டு, சரஸ்வதிக்கு முன்னாலை இருந்து சொன்னனான். தாயே, என்ரை பிள்ளையின்ரை காரியம் முடியுமட்டும் இந்தக் கட்டியைப் பெருக்கவிடாதை எண்டு."

எங்கள் தாய்மார் சாமியோடு மனதுக்குள் கதைக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியோடு கதைப்பது போல வாய்விட்டு, நியாயம் கேட்டு, மூக்கைச் சிந்திக் கதைப்பார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது.

அந்த வருடம் அவர்கள் வீட்டுச் சரஸ்வதி கடதாசிப் படத்தில் இருக்கவில்லை. சரஸ்வதி பூசை தொடங்கிய அன்று, தயாளினியின் லப்டொப்பையும் புத்தகங்களோடு சாமி அறையில் வைத்தார்கள். வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டு வரைபடங்கள் கீறிக் கொடுக்கிற பிள்ளை, அதுதானே அவளுடைய ஏடும் எழுத்தாணியும். கோகுலன் அதைத் திறந்து, திரையில் பெரிய சரஸ்வதி படம் ஒன்றைப் போட்டு, வயரையும் சொருகி எரிய விட்டான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்ல வடிவு என்றார்கள். குணலட்சுமி திரையின் மேல் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்துச் செவ்வரத்தம்பூவும் செருகினாள். மூன்று நாளும் அது அணையாமல் எரிந்தது. பூசைக்கு வைத்த பொருளைத் தொடக்கூடாது என்று தயாளினியும் கிட்டப் போகவில்லை.

அந்தத் திரைக்கு முன்னால் இருந்துதான் குணலட்சுமி அழுதாள்.

லப்டொப்புக்குள்ளால்தான் அவன் கேட்டிருக்கிறான் என்று தயாளினிக்குப் பட்டது. விறாந்தையில் இருந்த வைஃபைப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். லப்டொப்பை முற்றாக அணைத்துப் பைக்குள் வைத்தாள். ஸ்கூட்டியை வெளியே எடுத்தபோது குணலட்சுமி சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்கள் எங்கை?"

"நான் அழுததை ஆர் கேட்டது எண்டு நானும் பாக்கோணும். எடு ஸ்கூட்டியை."

நல்லூர்ப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்டக் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிற ஜெயகௌரி, தயாளினியோடு ஒன்றாகப் படித்தவள். கம்பஸில் கணினி படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, அரசாங்க வேலைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் கடையைத் திறந்தவள். வாய் கொஞ்சம் நீளம். விசயத்தைக் கேட்டதும் அவளுடைய வாய் கூட ஒரு கணம் மூடிக்கொண்டது.

"இண்டர்நெட் குடுக்காமல் திறக்கிறன்," என்றாள் பிறகு. "லைன் கிடைச்சால் உது தன்ரை எசமானுக்குச் செய்தி சொல்லிப்போடும்."

திரை எரிந்ததும் ஜெயகௌரி மேல் விளிம்பைப் பார்த்தாள். கமராவின் சின்னக் கண்ணில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அன்ரி, நீங்கள் கண்ணை அடைச்சிட்டியள். காதைத்தான் விட்டிட்டியள்."

தயாளினிக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுச் சிவரூபன் தொலைபேசியில் முதல் சொன்னதே அதுதான். சாமிக்கு வைச்ச லப்டொப்பை வடிவாத் துடைச்சு எடும், சந்தனம் காய்ஞ்சால் போகாது, என்றான். எவ்வளவு அக்கறை என்று அவள் நினைத்தாள். சந்தனம் வைத்தது அவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. பகலில் ஏன் நித்திரை கொண்டனீர் என்று ஒரு நாள் கேட்டான். அந்த நீலச் சட்டையைப் போடாதேயும் என்று இன்னொரு நாள் சொன்னான். மனசுக்கு மனசு தெரியுது என்று அவள் வெட்கப்பட்டாள். அதை நினைக்க இப்போது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஜெயகௌரி ஓடிக்கொண்டிருக்கிற நிரல்களின் வரிசையை இறக்கிக்கொண்டே போனாள். சத்தம் சம்பந்தமான ஏதோ சாதாரணப் பெயரோடு ஒன்று இருந்தது. செய்தவன் பெயர் இல்லை. லப்டொப் எழும்புகிற ஒவ்வொரு முறையும் அதுவும் கூடவே எழும்பியது. மூடியை மூடினாலும் உறங்காதே என்று யாரோ அமைப்பை மாற்றி வைத்திருந்தார்கள்.

"உதுதான் ஆள்," என்றாள். "நல்ல பிள்ளை மாதிரிப் பேரை வைச்சுக்கொண்டு இருக்குது."

அது இருந்த இடத்தைத் தேடிப் போனாள். மறைத்து வைத்த ஒரு கோப்புறை. உள்ளே திரையின் படங்கள், தயாளினி தட்டிய ஒவ்வொரு எழுத்தும், ஒலிப்பதிவுகள். ஜெயகௌரி ஒரு பதிவைத் தொட்டாள்.

கடைக்குள் ஒரு பெண் விம்மும் சத்தம் கேட்டது. பிறகு, தாயே, என்ரை பிள்ளையின்ரை காரியம் முடியுமட்டும், என்று தொடங்கியது.

"நிப்பாட்டு பிள்ளை," என்றாள் குணலட்சுமி.

ஜெயகௌரி நிறுத்தினாள். சிவரூபன் ஏன் அப்படி வாய்விட்டு மாட்டிக்கொண்டான் என்பது தயாளினிக்கு இப்போது விளங்கியது. சாமிக்குச் சொல்லி அழுகிறவள் வீட்டுக்கு முதலே சொல்லியிருப்பாள் என்று நினைத்திருக்கிறான். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விசயம் என்று நம்பித்தான் கேட்டிருக்கிறான்.

"அறுவான்," என்றாள் குணலட்சுமி. "நான் அழுததைக் கேட்டுப்போட்டு, அம்மாவுக்கு ஏலாதாம், கொண்டுபோய்க் காட்டுங்கோ எண்டு ஒரு சொல் சொன்னவனோ? தனக்குப் பிறக்கப்போற பிள்ளைக்கு வருமோ எண்டு கேக்கிறான்."

"அன்ரி, அதுக்கு முதல் இன்னொண்டு." ஜெயகௌரி கதிரையைத் திருப்பினாள். "உது மெயிலிலை பறந்து வந்த சாமான் இல்லை. லப்டொப்பிலை இருக்கிற காவல் மென்பொருள் உதைக் கண்டால் குரைக்கும். குரைக்கேல்லை. ஏனெண்டால், இந்தக் கோப்புறைக்குள்ளை மட்டும் போய்ப் பாக்காதை எண்டு ஒராள் அதுக்குக் கட்டளை குடுத்திருக்கு. அதுக்கு லப்டொப்புக்கு முன்னாலை இருந்து பாஸ்வேட் அடிக்கோணும். சுவிசிலை இருந்து செய்யேலாது. படலையை உள்ளை இருந்துதான் திறந்திருக்கு."

"எப்ப?" என்று கேட்டாள் தயாளினி.

ஜெயகௌரி திகதியைக் காட்டினாள். நல்லூர்த் தேர் நடந்த நாள். காலை நேரம்.

அன்று வீட்டில் எல்லாரும் தேருக்குப் போயிருந்தார்கள். ஒருவனைத் தவிர. அவனுக்குக் காய்ச்சலாம், படுத்திருந்தான். லப்டொப் வந்த நாளில் அதை இயக்கித் தந்ததும் அவன்தான். பாஸ்வேட் தெரிந்த இரண்டாவது ஆளும் அவன்தான்.

தயாளினி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. குணலட்சுமிதான் சொன்னாள். "கோகுலன்."

"வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு," என்றாள் ஜெயகௌரி.

"வாயைப் பொத்தடி," என்றாள் தயாளினி. சிநேகிதிகள் அப்படித்தான். ஜெயகௌரி கோபிக்கவில்லை.

திரையில் இருந்ததை எல்லாம் ஜெயகௌரி தன்னுடைய தொலைபேசியில் படம் எடுத்தாள். மறைந்திருந்த கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். நாளைக்குப் பொலிசுக்குப் போனாலும் கையில் ஆதாரம் வேண்டும், அழித்துவிட்டு அழக்கூடாது என்றாள். பிறகுதான் துப்புரவு தொடங்கியது.

"இந்த ஒண்டை மட்டும் கழட்டினாக் காணாது. எங்கை எங்கை வேர் விட்டிருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? உன்ரை வேலைப் படங்களை மட்டும் எடுத்துத் தாறன். மிச்சம் முழுக்கத் துடைச்சு, விண்டோஸைப் புதுசா ஏத்துவம். நீ அதுக்கிடையிலை என்ரை கொம்பியூட்டரிலை இருந்து எல்லாப் பாஸ்வேட்டையும் மாத்து. மெயில், வங்கி, கம்பனி, எல்லாம். இந்த முறை உன்ரை அண்ணைக்குச் சொல்லாதை."

எல்லாம் முடிய மதியம் திரும்பிவிட்டது. புதுத் திரை நீலமாக, வெறுமையாக எரிந்தது. தயாளினிக்கு அது சுத்தமானதாகத் தோன்றவில்லை.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது கோகுலன் முற்றத்தில் நின்று பந்தலுக்குக் கம்பு அளந்துகொண்டிருந்தான். தங்கையின் எழுத்துக்கு வீட்டுக்கு முன்னால் சின்னப் பந்தல். நல்ல அண்ணன்.

"எங்கை காலமையே இரண்டு பேரும் காணாமல் போட்டியள்? வைஃபையும் வேலை செய்யேல்லை," என்றான்.

தயாளினி அவனுக்கு முன்னால் பென்டிரைவை நீட்டினாள். "இதுக்குள்ளை என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்."

"என்ன உது?"

"நல்லூர்த் தேர் அண்டைக்கு உங்களுக்கு வந்த காய்ச்சல்."

கோகுலன் கம்பைக் கீழே போட்டான். முதலில் விளங்காத மாதிரி நின்றான். பிறகு கோபப்பட்டுப் பார்த்தான். அதுவும் சரிவராதபோது நியாயம் சொல்லத் தொடங்கினான். பிழை செய்தவர்கள் போகிற வழக்கமான பாதை, இவனும் ஒரு படி தவறவில்லை.

"அத்தான்தான் கேட்டவர். உன்ரை பாதுகாப்புக்குத்தான். தூரத்திலை இருக்கிற மனிசன், ஒரு பயம் இருக்கும்தானே. கட்டப்போறவர் பாத்தால் என்ன? ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டால் உனக்கென்ன?"

"ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டால் நீ ஏன் ஒளிச்சு வைச்சனி?"

பிறந்த நாளிலிருந்து அண்ணையை நீங்கள் என்று கூப்பிட்டவள். நீ என்றதை அவனும் கவனித்தான்.

"தங்கச்சி, மரியாதையாக் கதை."

"மரியாதையோ? நான் உடுப்பு மாத்தின அறையிலை அது திறந்து கிடந்தது. நான் நித்திரை கொண்டது, சாப்பிட்டது, கம்பனிக்காரரோடை கதைச்சது எல்லாம் அவன் பாத்திருக்கிறான். நீ பாக்க விட்டிருக்கிறாய். கண்டறியாத பாதுகாப்பு. அவன் உன்னையும் சுவிசுக்குக் கூப்பிடுறன் எண்டவன், அதுதானே?"

கோகுலன் கீழே போட்ட கம்பைத் திரும்ப எடுக்கக் குனிந்தான். அதுதான் பதில்.

"தம்பி," என்றாள் குணலட்சுமி. அவள் விறாந்தைப் படியில் இருந்திருந்தாள். சத்தம் போடவில்லை. "சரஸ்வதிப் படத்தைப் போட்டு எரிய விட்டதும் நீதானே?"

"அது சும்மா வடிவுக்கு, அம்மா. அதிலை இது இருக்கிறது எனக்கு அந்த நேரம் நினைப்பு வரேல்லை. சத்தியமா."

"நான் அதுக்கு முன்னாலை இருந்து அழுதனான். எனக்கு நெஞ்சிலை கட்டி இருக்கு. ஆருக்கும் சொல்லேல்லை. உனக்கும் சொல்லேல்லை. ஆனால் அவனுக்குத் தெரியும். நேத்து அவன் உன்னோடை கதைச்சவனோ?"

கோகுலன் யோசித்துப் பார்த்தான். நேற்று இரவு அவனும் சிவரூபனும் நெடுநேரம் கதைத்தார்கள். விமான நிலையத்துக்கு எந்த வான், சாப்பாட்டுக்கு எந்த ஆள் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"சொன்னவனோ?" என்று திரும்பக் கேட்டாள் குணலட்சுமி.

"இல்லை."

"பாத்தியே. என்னைத் தெய்வமாக் கும்பிடுற பிள்ளை நீ. உனக்கு முந்தி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன் உனக்குச் சொல்லேல்லை."

கோகுலன் மண்ணிலேயே இருந்துவிட்டான். தலையில் கை வைத்துக்கொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நான் பொய் எழுதுகிறவள் ஆகிவிடுவேன்.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. சிவரூபன்தான். காலையிலிருந்து லப்டொப் ஒன்றும் அனுப்பவில்லை அல்லவா, இருப்புக் கொள்ளவில்லை. கோகுலன் எழும்பாமலே எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"மச்சான், அந்தச் சாமான் காலமை துடக்கம் செத்துப் போச்சு. உன்ரை தங்கச்சி என்ன செய்யிறாள் எண்டு ஒருக்காப் பார்," என்றது குரல்.

"அம்மாவுக்கு வருத்தம் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டான் கோகுலன்.

"அது... எழுத்து முடியட்டும், பிறகு உன்னோடை கதைப்பம் எண்டு இருந்தனான். இப்ப குழப்பக்கூடாதுதானே."

தயாளினி கோகுலனின் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தாள். "எழுத்து நடக்காது. நீர் புதன்கிழமை வரவும் தேவையில்லை. நாளைக்குக் காலமை நான் அம்மாவைத் தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன். உம்மடை சாமானைத் துடைச்சு எறிஞ்சாச்சு."

"ஓ, நீரும் நிக்கிறீரோ." குரல் மாறியது. மாப்பிள்ளைக் குரல் போய் வேறு ஒன்று வந்தது. "துடைச்சது உம்மடை பக்கத்தைத்தானே. இவ்வளவு நாளும் வந்ததெல்லாம் என்னட்டைப் பத்திரமாக் கிடக்கு. வடிவா யோசிச்சுக் கதையும்."

தயாளினிக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்திருந்தால் இந்தக் குரலோடு ஒரே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

குணலட்சுமி படியிலிருந்து எழுந்து வந்தாள். தொலைபேசியை வாங்கவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தன் வாய்ப் பக்கம் திருப்பினாள், அவ்வளவுதான்.

"வைச்சிரும், தம்பி. அதுக்குள்ளை நான் அழுததும் கிடக்கு. ஒருத்தருக்கும் குடுக்க முதல், உம்மைப் பெத்தவவைப் பக்கத்திலை இருத்திவைச்சு அதை ஒருக்காப் போட்டுக் காட்டும். அவவும் ஒரு பொம்பிளைதானே. அவ கேட்டு முடிச்சாப் பிறகு என்ன சொல்லுறா எண்டு எனக்குச் சொல்லும்."

சிவரூபன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

முற்றத்தில் பந்தல் கம்புகள் கிடந்தன. தயாளினி தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அடக்கியது இப்போதுதான் வந்தது, வரட்டும் என்று குணலட்சுமியும் விட்டுவிட்டாள்.

கோகுலன் இன்னும் மண்ணில்தான் இருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"தங்கச்சி," என்றான். "அந்தச் சாமான் லப்டொப்பிலை மட்டும் இல்லை."